எர்மிதாஜ்: ஒரு தவச்சாலையின் பெயர்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் வணங்கும் அந்தோணியார் இருவர். ஒருவர் பதுவை நகரத்தவர். மற்றவர் எகிப்துப் பாலையில் தவமிருந்தவர். அவரை 'வனத்து அந்தோணியார்' என்பார்கள். அவருக்கும் மூத்த துறவியான பவுல், 'வனத்துச் சின்னப்பர்'. இந்த 'வனத்து' என்ற அடைக்குப் பின்னால் நிற்பது 'எரேமோஸ்' என்ற கிரேக்கச் சொல். ஆளரவமற்ற வெளி என்பது அதன் பொருள். நம் மரபில் தவத்துக்குப் போகிறவர் காட்டுக்குத்தானே போவார்? அதனால் எகிப்தின் மணல்வெளி தமிழில் வனமாயிற்று.

அதே எரேமோஸ் லத்தீனில் 'எரெமீத்தா' ஆகி, பிரெஞ்சில் 'எர்மித்' ஆனது. துறவி என்று பொருள். அவன் தங்கும் இடம் 'எர்மிதாஜ்', அதாவது தவச்சாலை. உலகத்து ஒயின் பிரியர்கள் மரியாதையோடு உச்சரிக்கும் பெயர்களில் இதுவும் ஒன்று.

பிரான்சில் லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆற்றின் இடக்கரையில் 'தான்' என்ற சிற்றூர். ஊருக்குப் பின்னால் செங்குத்தாக எழும் ஒற்றைக் குன்றுதான் எர்மிதாஜ். திராட்சை நிலம் மொத்தமே ஏறத்தாழ 140 ஹெக்டேர். தெற்கு நோக்கிய சரிவு என்பதால் வெயில் முழுக்க விழும். மேற்கு ஓரத்தில் கருங்கல் மண். கிழக்கே போகப்போகக் கூழாங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த மண். கல் அடுக்கிக் கட்டிய படிநிலங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கொழுகொம்பு. சரிவு கடுமையானது என்பதால் பெரும்பாலும் கைவேலைதான்.

குன்றின் மேல் புனித கிறிஸ்டோபர் பெயரில் ஒரு சிறு கற்கோயில் நிற்கிறது. ஸ்டெரிம்பெர்க் என்ற வீரர் 13ஆம் நூற்றாண்டுச் சிலுவைப்போர் ஒன்றில் காயமுற்று, போர் வெறுத்து, 1224இல் இங்கே வந்து தவமிருந்து கொடி வளர்த்தார் என்பது ஊர்க்கதை. கதை எப்படியிருந்தாலும், பெயர் அந்தத் தவச்சாலையிலிருந்து குன்றுக்கும், குன்றிலிருந்து ஒயினுக்கும் இறங்கியது. ஊரும் தன் பெயரைத் தான்-லெர்மிதாஜ் என்று நீட்டிக்கொண்டது.

எழுத்திலும் ஒரு வழக்கு உண்டு. இன்றைய பிரெஞ்சு அகராதி இச்சொல்லை 'ஹெச்' இல்லாமல் எழுதுகிறது. ஒயின் லேபிள்களோ பெரும்பாலும் 'ஹெச்' சேர்க்கின்றன. ஆங்கில வணிகர்களுக்காகச் சேர்த்தது என்று ஒரு பேச்சு. ஆனால் இடைக்கால லத்தீனிலேயே 'ஹெரெமீத்தா' என்ற வடிவம் உண்டு. சட்டம் இரண்டையும் ஏற்கிறது. இங்கே ஒயின் செய்யும் ஷபூத்தியே நிறுவனம் தன் தனிநிலத்து ஒயின்களுக்கு 'ஹெச்' இல்லாத வடிவத்தையே போடுகிறது.

தனிமையைக் குறித்த பெயர் தனியாக இருக்கவில்லை. போர்தோ வணிகர்கள் தங்கள் மெலிந்த ஒயினுக்கு உடல் சேர்க்க இந்தக் குன்றின் ஒயினைக் கலந்தபோது, அப்படிக் கலந்ததைக் குறிக்க 'எர்மிதாஜே' என்றொரு சொல்லே பிறந்தது. ஆஸ்திரேலியர்கள் இந்தக் குன்றின் சிவப்பு ஒயினுக்கான சிரா திராட்சையையே 'ஹெர்மிடேஜ்' என்று அழைத்தார்கள். புகழ்பெற்ற கிரேஞ்ச் ஒயினின் லேபிளிலும் அது ஒட்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது சின்சோ என்ற வேறொரு திராட்சைக்கு. 1925இல் ஆபிரகாம் பெரோல்ட் அதைப் பினோ நுவாரோடு இணைத்து உருவாக்கிய வகைக்கு, இரண்டு பெயரையும் ஒட்டி 'பினோடாஜ்' என்று வைத்தார்கள். அந்தப் பெயரின் வால் பகுதி எர்மிதாஜ். கொடிக்கோ அந்தக் குன்றோடு உறவில்லை.

பிரான்சில் 1937இல் சட்டம் இந்தப் பெயருக்கு எல்லை கட்டியது. ஆஸ்திரேலியரும் 1990ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து கிரேஞ்ச் லேபிளில் அதை விட்டுவிட்டார்கள்.

பெயரின் கதை தெரிந்தால் ஒயினும் பாதி பிடிபடும். இங்கே லேபிளில் பேசுவது நிலம். திராட்சையின் பெயரைப் பொதுவாகப் போடுவதில்லை. சிவப்பு என்றால் சிரா என்றும், வெள்ளை என்றால் மார்சான், ரூசான் என்றும் வாங்குபவர்தான் அறிந்திருக்க வேண்டும். சிவப்பில் 15 விழுக்காடு வரை வெள்ளைத் திராட்சை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. மிளகு, கரும்பழம், புகை என்று மணக்கும் சிவப்பு ஒயின் இளமையில் இறுகிக் கிடக்கும். நல்ல ஆண்டின் புட்டி பத்து, இருபது ஆண்டு காத்திருந்தால்தான் இளகும். தவச்சாலையின் பெயருக்கு இந்தப் பொறுமை பொருத்தம்தான்.

ஜபூலே நிறுவனம் புகழ்பெறச் செய்த 'லா ஷபேல்' என்ற ஒயினுக்குப் பெயர் தந்தது குன்றின் மேலுள்ள அந்தக் கற்கோயில்தான். ஆனால் அதைச் சுற்றிய நிலத்தில் மட்டும் விளைந்த ஒயின் அது என்று எண்ணிவிடக் கூடாது. குன்றின் பல பகுதிகளிலிருந்து கூட்டிச் செய்வது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் புட்டி வாங்குமுன் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். பெயருக்கு முன்னால் 'க்ரோஸ்' என்று இருந்தால், அது சுற்றுவட்டாரத்துப் பரந்த நிலங்களின் ஒயின். விலை குறைவு, சீக்கிரம் குடிக்கலாம். எர்மிதாஜ் என்று மட்டும் இருந்தால்தான் அது அந்த ஒற்றைக் குன்றின் சரக்கு.