மகளிர் டென்னிஸ்: தரவரிசையின் முதல் படிக்கட்டான ஐடிஎஃப் தொடர்

புது தில்லி: மகளிர் டென்னிஸில் உலகத் தரவரிசையை எட்ட விரும்பும் பெரும்பாலான வீராங்கனைகளின் பயணம், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) மகளிர் உலக டென்னிஸ் தொடரில்தான் தொடங்குகிறது. பல நாடுகளில் ஆண்டு முழுவதும் நடைபெறும் இத்தொடரின் விவரம் வருமாறு:

ஐந்து நிலைகள்

இத்தொடர் டபிள்யூ15, டபிள்யூ35, டபிள்யூ50, டபிள்யூ75, டபிள்யூ100 என ஐந்து நிலைகளைக் கொண்டது. முன்பு பரிசுத்தொகையைக் குறித்த இந்த எண், 2024 முதல் ஒற்றையர் பட்டம் வெல்பவர் பெறும் தரவரிசைப் புள்ளிகளைக் குறிக்கிறது. இவற்றுக்கு மேல் டபிள்யூடிஏ 125, 250, 500, 1000 போட்டிகள் உள்ளன. கிராண்ட்ஸ்லாம் பட்டம் வெல்பவருக்கு 2,000 புள்ளிகள் கிடைக்கும்.

ஒற்றையர் தரவரிசையில் இடம்பெறக் குறைந்தது 3 போட்டிகளில் புள்ளி ஈட்ட வேண்டும் அல்லது மொத்தம் 10 புள்ளிகள் பெற வேண்டும். ஈட்டிய புள்ளிகள் 52 வாரங்களில் கழிந்துவிடும். ஆகவே, காயத்தால் நீண்ட ஓய்வில் இருப்பவர் மீண்டும் கீழ்நிலைப் போட்டிகளுக்குத் திரும்ப நேரிடலாம்.

வரவும் செலவும்

டபிள்யூ15 போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை 15,000 டாலர். ஒற்றையர் முதல் சுற்றில் தோற்பவருக்கு 150 டாலருக்கும் குறைவாகவே கிடைக்கும். பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் ஊதியம் ஆகியவற்றைப் பெரும்பாலும் வீராங்கனையே ஏற்க வேண்டும்.

டென்னிஸ் நேர்மை குறித்து ஆராய்ந்த சுயேச்சைக் குழு, தொழில்முறை ஆட்டக்காரர்கள் சுமார் 15,000 பேரில் 250 முதல் 350 பேர் மட்டுமே செலவை ஈடுகட்டும் அளவுக்குச் சம்பாதிப்பதாக 2018-இல் தெரிவித்தது. இந்த வருவாய்ப் பற்றாக்குறையே சூதாட்டத் தரகர்களுக்கு வாய்ப்பாக அமைகிறது. முறைகேடுகளை விசாரிக்க, சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமை 2021 முதல் செயல்பட்டு வருகிறது.

இந்திய வீராங்கனைகள்

கோவையைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன், 1998 ஆஸ்திரேலிய ஓபனில் வென்று, ஓபன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். சானியா மிர்சா 2007-இல் ஒற்றையர் தரவரிசையில் 27-ஆம் இடத்தை எட்டினார். ஐடிஎஃப் தொடரில் பல பட்டங்களை வென்ற அங்கிதா ரெய்னா, 2020-இல் 160-ஆம் இடம் வரை முன்னேறினார்.

சென்னையில் ஓர் உதாரணம்

இந்தோனேசியாவின் ஜனிஸ் ஜென், அமெரிக்கக் கல்லூரி டென்னிஸை முடித்த பின் ஐடிஎஃப் போட்டிகளில் தொடர்ந்து பட்டங்களை வென்றார். 2025 அமெரிக்க ஓபனில் தகுதிச் சுற்றைக் கடந்து, பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் வெரோனிகா குதெர்மெதோவாவை வீழ்த்தினார். அதே ஆண்டு சென்னை ஓபன் டபிள்யூடிஏ 250 பட்டத்தையும் கைப்பற்றினார்.