இருக்கை கூறும் வரலாறு

ஒரு நாட்டின் சமுதாய நிலையை உணரக் கல்வெட்டும் செப்பேடும் துணைசெய்தல் போல, அந்நாட்டு மக்கள் கூத்துக் காண அமர்ந்த இருக்கைகளும் துணைசெய்யும். பண்டைய கிரேக்க, உரோமானிய அரங்குகள் இதற்குத் தக்க சான்றாவன.

‘தியேட்டர்’ என்று நாம் வழங்கும் சொல், ‘காணும் இடம்’ எனப் பொருள்படும் ‘தியாத்ரோன்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. கிரேக்கர் அச்சொல்லால் சிறப்பாகக் குறித்தது, மக்கள் அமரும் பகுதியையே. ஏதென்சு நகரின் அக்ரோபோலிசுக் குன்றின் தென்சரிவில் தயோனிசசுக் கடவுளின் அரங்கு எழுந்தது. தொடக்கத்தில் மரப்பலகைகளில் அமர்ந்தே மக்கள் நாடகங் கண்டனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில், லைகர்கசு என்பார் நிதிப்பொறுப்பு ஏற்றிருந்த காலத்தே, கல்லிருக்கைகள் நிறைவெய்தின. முன்வரிசையில் 67 பளிங்கு இருக்கைகள் விளங்கின. நடுநாயகமாக அமைந்தது கடவுளின் பூசகர்க்குரியது. இவ்வாறு சிறப்பிடம் சிலர்க்கே உரியதாயினும், வறிய குடிமகனும் நாடகங் காணும் பொருட்டு நுழைவுக் கட்டணம் வழங்கப் பொதுநிதி ஒன்றை ஏதென்சு நகரம் ஏற்படுத்தியமை போற்றத்தக்கது.

உரோமிலோ இருக்கை சட்டத்திற்கு உட்பட்டது. கி.மு. 194இல் ஆட்சிமன்ற உறுப்பினர்க்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. கிரேக்கத்தில் பாடற்குழுவினர் ஆடிய வட்டக்களம், உரோமில் அம்மேலோரின் இருக்கைக் களமாயிற்று. கி.மு. 67இல் ஓதோ என்பார் கொணர்ந்த சட்டம், அடுத்த 14 வரிசைகளைக் குதிரைவீரர் எனப்பட்ட செல்வர் வகுப்பினர்க்கு உரியதாக்கியது. பொதுமக்கள் உள்ளம் புழுங்கினர். கி.மு. 63இல் அவர் அரங்கினுள் நுழைந்தபோது மக்கள் சீழ்க்கையடித்து இகழ, செல்வர் கைதட்டி வரவேற்க, பெரும் பூசல் மூண்டது. அவ்வாண்டின் ஆட்சித் தலைவரான சிசரோ மக்களை வெளியே அழைத்துச் சென்று, தம் நாவன்மையால் அமைதிப்படுத்தினார் என்று புளூட்டார்க்கு எழுதுகின்றார்.

பின்னர் அகசுடசு பேரரசர் போர்வீரரைப் பொதுமக்களினின்றும் பிரித்தார். சிறுவர்க்குத் தனியிடமும், அதனருகே அவர்தம் ஆசிரியர்க்கு இடமும் வகுத்தார். வெசுதாக் கோயிற் கன்னியர் ஒழிந்த மகளிரை மேல்வரிசைகட்கு அனுப்பினார். ஒரு நாடகம், ஆயினும் அதனை அருகிருந்து காணும் உரிமை பிறப்பாலும் செல்வத்தாலும் அளக்கப்பட்டது.

இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மிலேத்தசு நகர அரங்கில், உரோமர் காலத்து இருக்கை ஒன்றின்மேல் எழுத்துப் பொறிப்பு உள்ளது. அது யூதர்க்குரிய இடத்தைச் சுட்டுவது. தாயகத்திற்கு அப்பால் தம் சமயமும் மரபும் பேணி வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்தார், அந்நகரின் பொதுவிழாவிலும் தமக்கென ஓரிடம் பெற்றிருந்தனர். ஒதுக்கி வைக்கவும் இருக்கை பயன்பட்டது. உள்ளே ஏற்றுக்கொள்ளவும் பயன்பட்டது. அயலூரில் குடியேறி வாழ்வோர்க்கு அக்கல்லின் அருமையை எடுத்துரைக்கவும் வேண்டுமோ!