கொத்மலை தேர்ந்த ஊடகம்

புதிதாக இணையத்தளம் தொடங்கும் இளைஞர்கள், அதனைப் பரப்ப முகநூல் உகந்ததா, யூடியூப் உகந்ததா என்று என்னிடம் வினவுவதுண்டு. பத்திரிகையில் நரைத்தவனிடம் கேட்கத்தக்க கேள்விதானா என்பது வேறு விடயம். நான் அவர்களுக்குக் கொத்மலையின் கதையைச் சொல்வேன்.

மகாவலித் திட்டத்தின் சமூக வானொலி முயற்சிகளின் தொடர்ச்சியாக, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1989இல் அங்கு ஒரு நிலையத்தை அமைத்தது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் அதற்கு இணைய இணைப்பும் கிடைத்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. ஆனால் கணினியைக் கண்டிராத, ஆங்கிலம் அறியாத மக்களிடம் இணையத்தை எவ்வழியாகச் சேர்ப்பது? அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த வானொலிப் பெட்டியையே நிலையத்தார் தேர்ந்தனர். நேயர்கள் அஞ்சலில் கேள்வி அனுப்பினர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடினார். மருத்துவர் போன்ற துறையறிந்தோர் அருகிலிருந்து அதனை எளிய மொழியில் விளக்கினர். இம்முறையை உலகெங்கும் பாராட்டி எழுதினார்கள்.

ஊடகத் தேர்வில் பிழையில்லை. எனினும் நிலையத்தில் மேலோங்கியிருந்தது சிங்களம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், லயங்களில் தமிழர். அலைவரிசை அவர்களையும் எட்டியது. விளக்கம் அந்த அளவுக்கு எட்டவில்லை.