கலப்பை என்றொரு பை: இசைக்கருவியைக் காத்த முறைகள்

‘கலப்பை’ என்றவுடன் இன்று உழுகருவிதான் நினைவுக்கு வருகிறது. சங்க இலக்கியத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. கலம் என்பது இசைக்கருவியையும் குறிக்கும். கலங்களை இட்டுச் சுமக்கும் பை கலப்பை. நன்னனைப் பாடும் மலைபடுகடாம் தன் தொடக்கத்திலேயே இப்பையைக் காட்டுகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் முதலியவற்றைக் கட்டிச் சுமந்து செல்லும் கூத்தரின் மூட்டைக்குப் பலாமரத்தின் காய்க்குலை உவமையாகிறது. மலைவழியில் நடப்போருக்கு வேண்டியது எடை குறைந்த, தோளில் தொங்கக்கூடிய உறை. பயணமே அதன் வடிவத்தைத் தீர்மானித்தது.

பயணம் செய்யாத கருவிக்குக் காப்பு வேறு வகையில் அமைந்தது. களைத்து வந்த மோசிகீரனார், சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில் உறங்கிவிட்டதையும், அரசன் தண்டிக்காமல் அவருக்குக் கவரி வீசியதையும் புறநானூற்றின் 50ஆம் பாடல் சொல்கிறது. அரசனின் பெருந்தன்மைக்காகப் போற்றப்படும் இப்பாடலில் இன்னொரு செய்தியும் பொதிந்துள்ளது. முரசுக்கெனத் தனி இடம் இருந்தது; பிறர் அதில் படுப்பது குற்றம். அவ்வேளையில் கட்டில் காலியாகக் கிடந்ததற்குக் காரணம், முரசை நீராட்ட எடுத்துச் சென்றிருந்தனர் என்பதே. அதாவது, இருப்பிடத்தோடு பராமரிப்பும் சேர்ந்ததே அக்காலத்துக் காப்பு.

கேரளக் கூத்தம்பலங்களில் இந்த மனப்பாங்கு இன்றும் காணக் கிடைக்கிறது. கூடியாட்டத்துக்கு வாசிக்கப்படும் மிழாவு, தோல் போர்த்த பெரிய குடம். தமிழின் ‘முழவு’ என்ற சொல்லோடு உறவுடையதாகக் கருதப்படும் பெயர் அது. ‘மிழாவணா’ எனப்படும் மரச்சட்டத்துக்குள் அது நிறுத்தப்படுகிறது. அச்சட்டமே கருவியின் கூடு. வாசிப்பவர் அமரும் இருக்கையும் அதுவே. மிழாவைப் பிரமச்சாரியாகக் கருதி உபநயனம் செய்விப்பதும், பழுதடைந்தபின் இறுதிச் சடங்கு செய்வதும் மரபு. இத்தகைய தகுதி பெற்ற பொருளை எவரும் அலட்சியமாக மூலையில் சாய்த்துவைப்பதில்லை.

திருவனந்தபுரத்துக்கு வயலின் வந்தபோது சிக்கல் புதிதாயிற்று. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். மரமும் தந்தமும் காற்றின் ஈரத்தை வாங்கி விரிவடையும், உலரும்போது சுருங்கும். ஐரோப்பியக் கைவினைஞர்கள் வயலின் பலகைகளை விலங்குப் பசையால் ஒட்டினர். நெருக்கடி வரும்போது மரம் பிளப்பதற்கு முன் இணைப்பு விட்டுக்கொடுக்கும் என்பது அதன் பயன். விரிந்த இணைப்பை மீண்டும் ஒட்டிவிடலாம். பிளந்த பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அரிது. ஆனால் அதே பசை ஈரத்திலும் வெப்பத்திலும் இளகும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் கடலோர நகருக்கு இது சிறு செய்தியன்று.

இக்கருவிகளுக்கு 40 முதல் 60 விழுக்காடு வரையிலான ஈரப்பதம் ஏற்றது என்பர். திருவனந்தபுரத்தின் காற்று பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டியே இருக்கும். கடினப் பெட்டி விழும்போது ஏற்படும் அடியைத் தாங்கும். கழுத்துப் பகுதியையும் அடிப்பகுதியையும் மெத்தை தாங்கி, முதுகுப் பலகை பெட்டியின் தரையில் படாதிருந்தால் காப்பு இன்னும் கூடும். ஆயினும் ஈரம் உள்ளே இருக்கையில் மூடப்பட்ட பெட்டி, அந்த ஈரத்தையும் சேர்த்தே காக்கிறது. பூஞ்சை படர்வது அங்கேதான். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் நிறைந்துவிட்டால் பயனற்றது. உலர்த்தி மீண்டும் வைக்க வேண்டும். ஆகவே எந்தப் பெட்டியும் திறந்து பார்க்கும் கையை எதிர்பார்த்தே இருக்கிறது.

பழவங்காடியை அடுத்த கிழக்குக் கோட்டைக்குள், நவராத்திரி மண்டபத்தில் பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளும் சரஸ்வதியின் முன் ஒன்பது நாளும் கச்சேரி நடக்கிறது. இல்லங்களிலோ அதே நாள்களில் நூல்களும் கருவிகளும் துடைக்கப்பட்டுப் பூஜைக்கு வைக்கப்படுகின்றன. விஜயதசமியன்று எடுத்து வாசிக்கப்படுகின்றன. இவ்வழக்கத்தின் நோக்கம் வழிபாடே. அதன் விளைவு வேறொன்றும் தருகிறது: தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன், ஒவ்வொரு கருவியும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உறையிலிருந்து வெளிவருகிறது. தளர்ந்த தோலும் விரிந்த இணைப்பும் அன்று கண்ணில் படும்.

அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளிலும், வாசிப்பார் இல்லாத வீடுகளின் பரண்களிலும் பல கருவிகள் இன்று இருக்கின்றன. அவற்றுக்குப் பெட்டி உண்டு, இடமும் உண்டு. முரசை நீராட்டியவர்களும் மிழாவுக்குச் சடங்கு செய்தவர்களும் அறிந்திருந்த மூன்றாவது தேவை, குறித்த காலத்தில் எடுத்துப் பார்க்க ஒருவர் பொறுப்பேற்பது. கருவிகளைப் பாதுகாப்பது பற்றிய ஆய்வுகள் உறையின் தரத்தோடு இப்பொறுப்பு யாருடையது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.