கைப்பிடியும் மூச்சுக்காற்றும்: உடல்வலிமை அளக்கப்பட்ட வரலாறு

ஒருவர் தம் கையை எவ்வளவு விசையோடு இறுக்கி மூடுகின்றார் என்பதற்கும், அவர் நெஞ்சறையிலிருந்து எவ்வளவு காற்றை ஊதி வெளியேற்றுகின்றார் என்பதற்கும் இடையே தொடர்புண்டு என்பது இன்றைய உடற்றொழிலியலாளர் ஏற்றுக்கொண்ட செய்தியாகும். நோயற்ற வளர்ந்தோரிடத்தும் இத்தொடர்பு காணப்படுகின்றது. கையும் நுரையீரலும் ஒன்றுக்கொன்று சேய்மையில் உள்ள உறுப்புகள். அவற்றின் ஆற்றல்களை அளக்கும் கருவிகளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு தேவை கருதித் தோன்றியவை. எனினும் அவ்விரு கருவிகளும் வரலாற்றில் மீண்டும் மீண்டும் ஒரே மேசைமீது வைக்கப்பட்டுள்ளன. அவற்றை அங்கு வைத்தோர் யாவர், அவற்றைக் கொண்டு யாரை அளந்தனர், அளந்து பெற்ற எண்களை எதற்குப் பயன்படுத்தினர் என்னும் வினாக்கள் மருத்துவ வரலாற்றின் எல்லையைக் கடந்து சமூக வரலாற்றுக்குள் நம்மை இட்டுச் செல்கின்றன.

கைவிசையை அளக்கும் கருவி முந்தியது. பிரான்சிய நாட்டுப் பொறிவினைஞரான எட்மே றெஞ்யே என்பவர், இயற்கை வரலாற்றறிஞர் பூபோனின் வேண்டுகோளை முன்னிட்டு விசைமானியொன்றை உருவாக்கி, 1798 இல் அதுபற்றிய விவரணத்தை வெளியிட்டார். முட்டை வடிவான உருக்கு வில்லும், அதனோடு இணைந்த முள்ளும், பாகை குறித்த தகடும் அதன் பகுதிகள். வில்லின் இரு பக்கங்களையும் கைகளாற் பற்றி நெருக்கினால் முள் நகர்ந்து விசையின் அளவைக் காட்டும். இதற்கு முன்னரும் மனித விசையை அளக்கும் பொறிகள் இருந்தன. ஆயின் அவை பெரியவை. ஓரிடத்தில் நிலையாக நிறுத்தப்பட வேண்டியவை. றெஞ்யேயின் கருவியோ கையில் எடுத்துச் செல்லத்தக்கது. இச்சிறு வேறுபாடே அதன் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது எனலாம்.

எடுத்துச் செல்லத்தக்க கருவி கப்பலேறியது. 1800 ஆம் ஆண்டு போதேன் என்பவரின் தலைமையில் அவுஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்ட பிரான்சியக் கப்பற்குழுவில் இளைஞரான பிரான்சுவா பெரோன் இடம்பெற்றிருந்தார். வன்டீமன் நிலம் என அக்காலத்தில் வழங்கிய தசுமேனியாவிலும், நியூ சவுத் வேல்சிலும், தீமோர்த் தீவிலும் தாம் கண்ட மக்களின் கைவிசையை அவர் றெஞ்யேயின் விசைமானியால் அளந்தார். 1807 இல் வெளியான அவரது பயண நூலின்படி தசுமேனியரின் சராசரி 50.6 கிலோகிராம், பிரான்சியரின் சராசரி 69.2, ஆங்கிலேயரின் சராசரி 71.4. நாகரிகம் மனிதனைத் தளர்த்துகின்றது, இயற்கையோடியைந்து வாழ்வோனே வலியவன் என்னும் கருத்துப் பிரான்சில் ஓங்கியிருந்த காலம் அது. அக்கருத்தைத் தம் எண்கள் தகர்த்துவிட்டன எனப் பெரோன் கொண்டார்.

அவ்வெண்கள் எத்துணைப் பேரிடமிருந்து பெறப்பட்டன என நோக்கின் வியப்பே எஞ்சும். ஒவ்வோர் இனத்திலும் அளக்கப்பட்டோர் மிகச் சிலரே. அறிமுகமற்ற அந்நியர் நீட்டிய உருக்கு வளையத்தைத் தம் முழு வலிமையோடும் நெருக்க வேண்டும் என அம்மக்கள் ஏன் எண்ணியிருக்க வேண்டும் என்ற வினாவும் எழுப்பப்படவில்லை. பெல்ஜியப் புள்ளிவிவர அறிஞர் கெற்லே 1835 இல் வெளியிட்ட தம் நூலில் இவ்விசைமானியை மீண்டும் எடுத்தாண்டபோது, கையின் பருமனுக்கும் வில்லின் அகலத்துக்கும் உள்ள பொருத்தம் அளவையே மாற்றிவிடுகின்றது என்பதைச் சுட்டினார். இன்றைய ஆய்வுகூடங்களிற் கைப்பிடியின் அகலத்தைக் கைக்கேற்ப மாற்றியமைக்கும் விசைமானிகளே பெரிதும் பயன்படுகின்றன. 1954 இல் பெக்தொல் என்பவர் விவரித்த ஜமார் விசைமானி அத்தகையது. கெற்லேயின் குறிப்பு செயலாக வடிவம் பெற ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழிந்தன.

மூச்சை அளந்த வரலாறு இதனினும் விரிவானது. 1811 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அண்மையிற் பிறந்த ஜோன் ஹச்சின்சன் இலண்டனில் ஓர் ஆயுட் காப்புறுதிக் கம்பனியின் மருத்துவராயிருந்தார். காப்புறுதி கோரி வருவோன் நெடுங்காலம் வாழ்வானா, அன்றிச் சயரோகத்தால் விரைவில் மடிவானா என்பதை முன்னறிவது அக்கம்பனிகளின் பெருங்கவலையாயிருந்தது. நோயின் புறக்குறிகள் தோன்றுமுன்னரே நுரையீரலின் தளர்ச்சியைக் கண்டறிய வழியுண்டா என்பதே ஹச்சின்சனின் ஆராய்ச்சி. அவர் அமைத்த மூச்சுமானி எளிய பொறி: நீரிற் கவிழ்த்த உருளைக்கலம், அதனைச் சமன்செய்யும் நிறைகள், ஒரு குழாய். இயன்றமட்டும் காற்றை உள்ளிழுத்துக் குழாய்வழி இயன்றமட்டும் ஊதினால், கலம் மேலெழுந்து காற்றின் கனவளவைக் காட்டும். அவ்வளவுக்கு அவர் இட்ட பெயர் உயிர்க்கொள்ளளவு.

1846 இல் அவர் வெளியிட்ட ஆய்வுரை 2,130 பேரின் அளவீடுகளைக் கொண்டது. கடலோடிகள், தீயணைப்பாளர், நகரக் காவலர், தேம்சு நதிக் காவலர், காலாட்படையினர், குதிரைப்படையினர், குத்துச்சண்டைக்காரர், அச்சுத் தொழிலாளர், வறியோர், கனவான்கள், இராட்சத உருவினர், குள்ளர் என அக்கால இலண்டன் மாநகரின் குறுக்குவெட்டு முகமே அவ்வட்டவணைகளிற் காட்சி தருகின்றது. அவர் கண்ட விதி இன்றும் நிலைபெறுவது: 5 அடிக்கும் 6 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஒவ்வோர் அங்குலம் கூடுந்தோறும் கொள்ளளவு 8 கன அங்குலம் கூடுகின்றது.

அவர் குறிப்பிடும் ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. ஃபிறீமன் என்னும் அமெரிக்கர் ஏறத்தாழ 7 அடி உயரமுடையவர். பந்தயக் குத்துச்சண்டைக்கெனப் பயிற்சி பெற்று 1842 இல் இலண்டனில் இருந்தார். அப்போது அவர் ஊதிய காற்று 434 கன அங்குலம். ஈராண்டு கழிந்து மீண்டும் அளந்தபோது அது 344 ஆகக் குறைந்திருந்தது. நெஞ்சில் ஒலி கேட்டுச் சோதித்த மருத்துவரால் நோயின் அறிகுறி எதனையும் காண இயலவில்லை. 1845 இல் ஃபிறீமன் சயரோகத்தால் மாண்டார். மருத்துவரின் செவிக்கு எட்டாத ஒன்றை நீரில் மிதந்த கலம் முன்கூட்டியே காட்டிவிட்டது.

ஹச்சின்சனின் ஆய்வில் அதிகம் பேசப்படாத பகுதியொன்றுண்டு. மூச்சின் கனவளவை அளந்ததோடு அமையாது, மூச்சை இழுக்கும் தசைகளின் வலிமையையும் ஊதும் தசைகளின் வலிமையையும் அவர் இரசம் நிரம்பிய அமுக்கமானியாற் தனித்தனியே அளந்தார். கொள்ளளவு உயரத்தோடு தொடர்ந்து ஏறிச் செல்ல, உள்ளிழுக்கும் விசையோ 5 அடி 7 அல்லது 8 அங்குல உயரத்தினரிடம் உச்சமடைந்து, அதனினும் நெடியோரிடம் குறைந்தது. நுரையீரலின் பருமன் வேறு, அதனை இயக்கும் தசையின் வலிமை வேறு என்பதனை அவர் அன்றே பிரித்துணர்ந்தார். கைப்பிடிக்கும் மூச்சுக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள இன்றும் இப்பிரிவே அடிப்படையாகும். ஹச்சின்சன் 1852 இல் இலண்டனை நீங்கி அவுஸ்திரேலியாவின் தங்கவயல்களை நாடிச் சென்றார்; 1861 இல் பீஜித் தீவிற் காலமானார்.

அவரது கருவி அவருக்கு முன்னரே அத்திலாந்திக் கடலைக் கடந்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமை முறையை ஆதரித்த மருத்துவர் சாமுவேல் காட்றைற், கறுப்பினத்தவரின் நுரையீரல் வெள்ளையரினதைக் காட்டிலும் 20 சதவீதம் குறைந்த ஆற்றலுடையது எனவும், ஆகவே கட்டாய உழைப்பே அவர்தம் குருதியைத் தூய்மைப்படுத்தி உடல்நலம் காக்கின்றது எனவும் எழுதினார். அடிமைகள் தப்பியோடுவதை ஒரு நோயெனக் கூறி 1851 இல் அதற்குப் பெயர் சூட்டியவரும் இவரே. நோயை முன்னறிந்து உயிர் காக்கப் படைக்கப்பட்ட கருவி ஐந்தே ஆண்டுகளில் விலங்குக்குச் சான்று சொல்ல அழைக்கப்பட்டது.

உள்நாட்டுப் போரின்போது மூச்சுமானியும் விசைமானியும் முதன்முறையாகப் பேரளவில் ஒருங்கே பயன்பட்டன. படைவீரரை அளக்கும் பணியைச் சுகாதார ஆணைக்குழுவொன்று மேற்கொண்டது. அதன் முடிவுகளைத் தொகுத்து 1869 இல் வெளியிட்டவர் பெஞ்சமின் கூல்ட் என்னும் வானியலறிஞர். விண்மீன்களைக் கணித்த நுட்பத்தோடு அவர் மனிதரைக் கணித்தார். எண்கள் பெரும்பாலும் கவனமாகவே பெறப்பட்டன. கறுப்பினப் படைவீரரின் கொள்ளளவு குறைவாகக் காணப்பட்டமைக்கு அவர்தம் உணவு, உறைவிடம், இளமையில் உற்ற நோய் ஆகியவை காரணமாகலாமோ என்பது ஆராயப்படவில்லை. நிறமே காரணம் என அவ்வெண்களை எடுத்தாண்டோர் பின்னர்ப் பலராயினர்.

பிரித்தானியாவில் இவ்விரு கருவிகளையும் மக்கள் திரள்முன் வைத்தவர் பிரான்சிஸ் கால்ற்றன். 1884 இல் இலண்டன் தென் கென்சிங்டனில் நடைபெற்ற சர்வதேச சுகாதாரக் கண்காட்சியில் மூன்று பென்சு செலுத்திய எவரும் தம்மை அளப்பித்துக்கொள்ளக்கூடிய ஆய்வுகூடமொன்றை அவர் நிறுவினார். உயரம், நிறை, பார்வை, செவிப்புலன் என்பவற்றோடு மூச்சின் கொள்ளளவும் கைநெருக்கு விசையும் அங்கே பதியப்பட்டன. 9,337 பேர் அளக்கப்பட்டனர். அளக்கப்பட்ட 1,657 வளர்ந்த பெண்களுள் மிக வலியவளின் கைநெருக்கு 86 இறாத்தல் எனவும், அது நடுத்தர ஆடவன் ஒருவனின் விசைக்குச் சமன் எனவும் எழுதிய கால்ற்றன், வலிய பெண்கள் அருகியிருப்பது ஆடவரின் மன அமைதிக்கு நல்லதுபோலும் என நகையாடினார். நகைச்சுவையும் ஒரு காலத்தின் ஆவணந்தான்.

அளவுகளுக்கிடையேயான இணைபு என்னும் கருத்தை 1888 இல் கணித வடிவில் முன்வைத்தவரும் அவரே. கைவிசையும் மூச்சும் சேர்ந்தே கூடிக் குறைகின்றனவா என வினவுதற்கு வேண்டிய மொழி அப்போதுதான் பிறந்தது. நல்லினப் பெருக்கம் என்னும் கொள்கைக்கு 1883 இல் பெயரிட்டவரும் அவரே என்பதனை மறத்தலாகாது. அளவீட்டின் நோக்கம் அக்கொள்கையினின்று பிரிந்திருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகளின் உடற்பயிற்சிக் கூடங்கள் இவ்வளவீடுகளைச் சுவீகரித்தன. அங்கு றொஜர்ஸ் என்பவர் 1925 அளவில் வகுத்த வலிமைச் சுட்டெண் சுவையானது. இரு கைகளின் பிடிவிசை, முதுகு, கால் ஆகியவற்றின் விசை என்பன இறாத்தலிற் பெறப்பட, நுரையீரற் கொள்ளளவு கன அங்குலத்திற் பெறப்பட்டு, எல்லாம் ஒன்றாகக் கூட்டப்பட்டன. முழத்தையும் படியையும் கூட்டலாகாது என்பதைச் சிறுவனும் அறிவான். ஆயினும் அச்சுட்டெண் பல்லாண்டுகள் மாணவரைத் தரம்பிரித்தது.

உறவின் உண்மைத் தன்மை இந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தெளிவுறலாயிற்று. உயரம், பால், வயது ஆகிய மூன்றும் கைவிசையையும் கொள்ளளவையும் ஒருங்கே ஆள்கின்றன. நெடிய இளைஞனுக்கு இரண்டும் மிகுதி. குறுகிய முதியோனுக்கு இரண்டும் குறைவு. ஆகவே வெற்றெண்களை ஒப்பிட்டாற் தொடர்பு மிக நெருங்கியதாய்த் தோன்றும். இம்மூன்றின் செல்வாக்கையும் கணக்கிற் கொண்டு நீக்கிய பின்னர் எஞ்சும் தொடர்பு சிறியது. ஆயினும் அது முற்றாக மறைந்துவிடுவதன்று. மென்றகடும் விலாவிடைத் தசைகளும் கையின் தசைகளைப் போன்றே எலும்புத் தசைகள். ஊட்டமும் உழைப்பும் அவற்றை ஒருங்கே வளர்க்க, நோயும் முதுமையும் ஒருங்கே மெலிவிக்கின்றன. அதேவேளை, வலிந்து ஊதும்போது காற்றின் வேகம் ஓர் எல்லைக்கு மேல் முயற்சியைச் சாராது, மூச்சுக்குழாய்களின் இயல்பையே சாரும். இதனாலேயே கைவிசையானது கொள்ளளவைக் காட்டிலும் வாயில் அளக்கப்படும் மூச்சமுக்கத்தோடு கூடுதலாக இயைகின்றது. அமெரிக்க முதியோரிடம் நடத்தப்பட்டு 1994 இல் வெளியான ஆய்வொன்று, உள்ளிழுக்கும் அமுக்கத்தை முன்னறிவிக்கும் காரணிகளுள் ஒன்றாகக் கைப்பிடி விசையைக் கண்டது. ஹச்சின்சனின் இரச அமுக்கமானியும் றெஞ்யேயின் வில்லும் இங்குதான் மெய்யாகவே சந்திக்கின்றன.

காப்புறுதி மருத்துவரின் பழைய வினாவும் இக்காலத்தில் மீண்டெழுந்தது. 1948 இல் தொடங்கிய ஃபிறேமிங்ஹம் ஆய்வு, கொள்ளளவு குறைந்தோர் இதயநோய்க்கு ஆளாதல் மிகுதி என்பதைக் காட்டிற்று. 17 நாடுகளில் 139,691 பேரிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில், கைப்பிடி விசை 5 கிலோகிராம் குறையுந்தோறும் இறப்பின் வாய்ப்பு 16 சதவீதம் கூடியமை புலனாயிற்று. இந்தியா, பாக்கிஸ்தான், வங்காளதேசம் ஆகியனவும் அந்நாடுகளுள் அடங்கும். கையை இறுக்கப் பயின்றால் ஆயுள் நீளும் என இதற்குப் பொருள் கொள்வோர் உளர். விளக்கின் சுடர் எண்ணெயின் அளவைக் காட்டலாம். திரியைத் தூண்டுவதால் எண்ணெய் பெருகுவதில்லை.

இன அடிப்படையில் வேறுவேறு இயல்பளவுகளைக் கொள்ளும் வழக்கம் மூச்சுமானியை விட்டு அண்மைக்காலம்வரை அகலவில்லை. கறுப்பினத்தவரின் அளவைக் கணிக்கும்போது 10 முதல் 15 சதவீதம் வரை கழிப்பது அமெரிக்க மருத்துவ மனைகளிற் பொது வழக்காயிருந்தது. இயல்பளவு தாழ்த்தப்பட்டால், உண்மையில் நோயுற்ற தொழிலாளியும் நலமுள்ளவனாகக் கணக்கிடப்படுவான். இழப்பீடு கோரும் உரிமையையும் இழப்பான். கல்நாரினால் நுரையீரல் பழுதுற்றோர் தொடுத்த வழக்குகளில் இவ்வாதம் 1999 இலும் எழுப்பப்பட்டது. அமெரிக்க நெஞ்சகச் சங்கம் 2023 இல் இனம் சாராத பொதுச் சமன்பாடுகளைப் பரிந்துரைத்தது.

இலங்கையிலும் இவ்வினா உயிருள்ளது. ஐரோப்பியரைக் கொண்டு வகுத்த அளவுகள் நம்மவர்க்குப் பொருந்தா என்பதனாற் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் உடற்றொழிலியல் ஆய்வாளர் சிங்களவர்க்கும் தமிழர்க்கும் தனித்தனியே இயல்பளவுகளை வகுத்துள்ளனர். அந்நிய அளவுகோலுக்கு உள்ளூர் அளவுகோல் சிறந்த மாற்று என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு தலைமுறையின் உயரமும் நெஞ்சளவும் அது குழவிப் பருவத்தில் உண்ட உணவையும், சுவாசித்த அடுக்களைப் புகையையும் தாங்கியவை. இன்று அளக்கப்பட்ட சராசரியை இனத்தின் இயல்பென எழுதிவைத்தால், குறைபாடும் இயல்பாகிவிடும். தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் விறகடுப்பின் அருகே வளர்ந்த பெண்ணொருத்தியின் மூச்சை எந்த அட்டவணையோடு ஒப்பிடுவது என்பது அவ்வறைக்கு அண்மையிலுள்ள மருத்துவமனையில் நாள்தோறும் விடை காண வேண்டிய வினாவாகும்.