பவர் ஆன்லயா, ஆஃப்லயா? சர்வர் கார்டு கழட்டின கதை

எங்க ஊர் மாப்பிள்ளையூரணி, தூத்துக்குடியை ஒட்டின ஊர். பேப்பர்ல "நாளை மின்தடை"ன்னு ஊர்ப் பேரா அடுக்கி ஒரு பெட்டிச் செய்தி வருமே, அந்த மாதிரி பட்டியலைப் படிச்சு வளர்ந்தவங்க நாங்க. ஒரு இடத்துல வேலை பார்க்க பத்து ஊருக்கு கரண்ட் போகும். காலையில போச்சுன்னா சாயங்காலம்தான் வரும்.

என் சித்தப்பா வயர்மேன். எந்த வீட்டுல வேலைன்னாலும் முதல்ல ப்யூஸ் கேரியரைப் பிடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிடுவாரு. "ஏன் சித்தப்பா, கீழ வச்சா என்ன?"ன்னு சின்ன வயசுல கேட்டேன். "கீழ வச்சா எவனாவது உதவி செய்யுதேன்னு எடுத்து மாட்டிருவாம்லே"ன்னாரு.

அந்தப் பாடத்தை 2009-ல நான் மறந்தேன். துறைமுகத்துக்கு வர்ற கன்டெய்னர்களைக் கையாளுற ஒரு கம்பெனியில அப்போ எனக்கு காண்ட்ராக்ட் வேலை. எடைமேடையில லாரி ஏறினா, எடை ஒரு சீரியல் கேபிள் வழியா சர்வருக்குப் போகும். சர்வர்னா பெருசா நினைக்காதீங்க, மேஜைக்கு அடியில ஒரு பெட்டி. அதுக்குள்ள இருந்த சீரியல் போர்ட் கார்டு ஒருநாள் மக்கர் பண்ணுச்சு. "கார்டை மாத்தணும், பத்து நிமிஷம் ஆஃப் பண்ணிக்கிடுதேன்"னு சொன்னேன். "லாரி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. ஆஃப் பண்ணாம மாத்து"ன்னு பதில் வந்துச்சு.

மாத்தினேன். கார்டு கொஞ்சம் சாய்ஞ்சு வெளிய வந்துச்சு. 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மதர்போர்டு போச்சு. பத்து நிமிஷம் நிக்க வேண்டியது ரெண்டு நாள் நின்னுச்சு. அந்த மாசம் என் சம்பளத்துல பாதியைப் பிடிச்சாங்க.

அன்னைக்கு மனசுல விழுந்த கேள்விதான் இந்த எபிசோட். பெரிய கம்பெனிகள்ல ஓடுற சர்வர்லயே கார்டை மாத்துறாங்களே, அவங்களுக்கு மட்டும் எப்படி முடியுது?

கம்ப்யூட்டருக்கு முந்தின டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆரம்பிப்போம். ஒரு ஊரோட போன் முழுக்க அதுல ஓடுது. யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க, அதனால ஆஃப்ங்கிற பேச்சுக்கே இடமில்லை. 1891-ல் ஆல்மன் ஸ்ட்ரோஜர் காப்புரிமை பெற்ற தானியங்கி எக்ஸ்சேஞ்ச் முறை, இருபதாம் நூற்றாண்டில் இந்தியா உட்பட உலகம் முழுவதும் ஓடியது. அதில் ஒரு செலக்டர் பழுதானால், ஊழியர் முதலில் அதை 'பிஸி' என்று ஆக்கிவிடுவார். புது அழைப்பு எதுவும் அதற்குள் போகாது. பிறகு அதை மட்டும் உருவி எடுத்து வேறொன்றைச் செருகுவார். எக்ஸ்சேஞ்ச் ஓடும், அந்த ஒரு செலக்டர் மட்டும் ஓய்வில் இருக்கும்.

1965-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பெல் நிறுவனம் தொடங்கிய மின்னணு எக்ஸ்சேஞ்சுக்கு வைக்கப்பட்ட இலக்கு, நாற்பது வருஷத்தில் மொத்தமே ரெண்டு மணி நேரம்தான் நிற்கலாம் என்பது. அதனால் உள்ளே எல்லாவற்றையும் இரட்டையாக வைத்தார்கள். ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பழக்கத்தை வியாபாரக் கம்ப்யூட்டருக்கு முழுசாகக் கொண்டுவந்தது டாண்டம் என்ற நிறுவனம். 1976-ல் அவர்களுடைய முதல் மெஷின் சிட்டிபேங்குக்குப் போனது. 1980-ல் ஸ்ட்ராடஸ் வந்தது. இதன் வேலைமுறை எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே வேலையை ரெண்டு போர்டுகள் சேர்ந்து செய்யும். ஒவ்வொரு போர்டும் தன் கணக்கைத் தானே சரிபார்க்கும். தப்பு வந்தா தானே ஒதுங்கி சிவப்பு விளக்கு போடும். மெஷின் மோடம் வழியா கம்பெனிக்கு போன் போட்டுச் சொல்லிடும். கூரியர்ல புது போர்டு வந்த பிறகுதான் 'ஓ, நம்ம மெஷின்ல பழுதா?'ன்னு ஆபீசுக்கே தெரியும். சிவப்பு விளக்கு எரியுறதை உருவிட்டு புதுசைச் செருகணும், அவ்வளவுதான்.

நம்ம நாட்டுக்கும் இது வந்தது. மும்பையில் தேசியப் பங்குச் சந்தை 1994 நவம்பர் 3 அன்று கணினி வழிப் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியபோது, மையத்தில் ஓடியது ஸ்ட்ராடஸ் மெஷின். நாடு முழுக்க இருந்து விசாட் மூலம் புரோக்கர்கள் ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கும்போது, "கார்டு மாத்தணும், பத்து நிமிஷம் பொறுங்க" என்று சொல்ல முடியாது. அதற்கான காசை அவர்கள் முதலிலேயே கொடுத்திருந்தார்கள்.

என் மேஜைக்கு அடியில இருந்த பெட்டி வேற வம்சம். அது 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யோட வழி. ஒரே பவர் சப்ளை, எல்லா ஸ்லாட்டுக்கும் நேரா கரண்ட், நடுவுல ஸ்விட்ச் கிடையாது. வீடு முழுக்க ஒரே ப்யூஸ் மாதிரி. ஓடும்போது கார்டை உருவினா, எந்தப் பின் முதல்ல விடும்னு யாருக்கும் தெரியாது. கிரவுண்டு விட்டு டேட்டா பின் ஒட்டிக்கிட்டு நின்னா, கரண்ட் சிப்புக்குள்ள போகக் கூடாத வழியில போகும். சாய்ச்சா பக்கத்துப் பின்னோட உரசும். புது கார்டைச் செருகும்போதும் ஆபத்துதான். அதுல காலியா இருக்கிற கெபாசிட்டர்கள் ஒரே மடக்குல கரண்டை இழுக்க, மத்த கார்டுகளுக்கு வோல்டேஜ் தடுமாறும்.

இந்த ஸ்லாட்டுக்கு 1997-ல் ஒரு வழி வந்தது, பேர் பி.சி.ஐ. ஹாட் பிளக். அதில் முன்னே நின்ற நிறுவனம் காம்பேக். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி ஸ்விட்ச், தனி விளக்கு. முதலில் சாஃப்ட்வேரிடம் சொல்ல வேண்டும், "இந்தக் கார்டோட வேலையை முடிச்சுக்கோ" என்று. அது முடித்ததும் அந்த ஸ்லாட்டுக்கு மட்டும் பவர் போகும். விளக்கு அணைந்த பிறகுதான் கையை வைக்கணும்.

கவனிச்சீங்களா? 'பவர் ஆன்ல மாத்துறது'ன்னு நாம சொல்றோம். ஆனா கையில எடுக்கிற அந்தக் கார்டுல பவர் இல்லை. யாரும் நெருப்புல கை வைக்கலை. பத்து ஊருக்கு ஆஃப் பண்றதை ஒரு வீட்டுக்குச் சுருக்கின மாதிரி, மெஷின் முழுக்க இருந்த ஆஃபை ஒரே ஒரு ஸ்லாட்டுக்குச் சுருக்கியிருக்காங்க.

ஸ்விட்ச் போட்டுத்தான் இதைச் செய்யணும்னும் இல்லை. உங்க பென் டிரைவோட வாயை உத்துப் பாருங்க. நாலு தகட்டுல ஓரத்து ரெண்டும் நீளம், நடு ரெண்டும் குட்டை. நீளமானது பவரும் கிரவுண்டும், அதனால செருகும்போது முதல்ல தொடும், உருவும்போது கடைசியா விடும். தடுமாற வேண்டிய நேரத்தை ஒரு மில்லிமீட்டர் தகடு பார்த்துக்கிடுது.

அதுக்காக எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டா பத்திரம்னும் நினைக்காதீங்க. வருஷக்கணக்கா சுத்திக்கிட்டே இருந்த பழைய ஹார்டு டிஸ்க், ஒருதடவை நின்னா மறுபடி சுத்தாமலே போகலாம். ஷட் டவுன் பண்ணினாலும் ஒயர் சொருகியிருந்தா மதர்போர்டுல 5 வோல்ட் நிக்கும். அதனால ஆஃப்னா ஒயரையும் பிடுங்கணும், பேக்கப்பும் கையில இருக்கணும்.

2006-லயே தூத்துக்குடிக்கும் கொழும்பு பக்கம் கல்கிசைக்கும் கடலடியில கேபிள் போட்டுட்டாங்க. அந்த மாதிரி தொலைத்தொடர்புக் கருவிகளை ஓடும்போதே கார்டு மாத்துற மாதிரிதான் செய்வாங்க. அதே ஊர்ல, மூணு வருஷம் கழிச்சு, நான் ஒரு ஸ்விட்ச்கூட இல்லாத பெட்டியில கையை விட்டேன். 'ஆஃப் பண்ணாம மாத்து'ங்கிறது முன்கூட்டியே இரட்டைக் கருவிக்குக் காசு கொடுத்தவங்க மட்டும் சொல்லக்கூடிய வார்த்தை. காசு கொடுக்காம அதைச் சொன்னா, செலவு அடியில உக்காந்து கார்டைக் கழட்டுறவன் தலையில விழும். எனக்கு அரைச் சம்பளம் போச்சு. கம்பத்துல ஏறுற லைன்மேனுக்கு உயிரே போகும். அதனாலதான் அவங்க எல்.சி. வாங்காம, அதாவது லைன்ல சப்ளை இல்லைன்னு முறைப்படி அனுமதி வாங்காம, ஏறக் கூடாதுன்னு விதி இருக்கு.

உங்கள்ல பலர் இப்போ ஐ.டி.யில இருப்பீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு "லைவ்ல பண்ணிடு"ன்னு மெசேஜ் வந்தா மூணு கேள்வி கேளுங்க. இதுல எதைத் தனியா ஆஃப் பண்ண முடியும்? முடியலைன்னா எத்தனை நிமிஷம் தருவீங்க? போச்சுன்னா யார் பொறுப்பு? பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க.

நான் சம்பளம் போன கதையைச் சொன்னப்ப சித்தப்பா திட்டலை. "ப்யூஸ் யார் பையில இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாரு. என் பையில இல்லைன்னு சொன்னேன்.

உங்க ஆபீஸ்ல இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.