அடிகோலில் இருந்து மினி டிராக்டர் வரை: ஃபிளெய்ல் மோவரின் கதை

புல் வெட்டும் இயந்திரத்துக்கு என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று நினைக்கிறீர்களா? இந்த ஒரு இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு விவசாயக் கலவரம், 19 தூக்குத் தண்டனைகள், ஓர் உலகப் போர், ஒரு பெரிய நீதிமன்ற வழக்கு எல்லாம் இருக்கின்றன. சும்மா இல்லை!

முதலில் ஃபிளெய்ல் மோவர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மினி டிராக்டரின் பின்னால் மாட்டும் ஒரு நீளமான இரும்புப் பெட்டி. அதற்குள் படுக்கை வாக்கில் ஓர் உருளை. அந்த உருளை முழுக்கச் சின்னச் சின்னக் கத்திகள் தொங்கிக் கொண்டிருக்கும். அவை இறுக்கிப் பொருத்தப்பட்டவை அல்ல, கீல் போல ஆடக்கூடியவை. உருளை வேகமாகச் சுற்றும்போது கத்திகள் விறைத்து நின்று புல்லை அடித்து வெட்டும். கல்லில் பட்டால் பின்னால் மடங்கிக் கொள்ளும். அவ்வளவுதான் தத்துவம்.

பெயர் எங்கிருந்து வந்தது?

ஃபிளெய்ல் என்பது ஐரோப்பாவில் தானியம் அடிக்கப் பயன்பட்ட ஒரு கருவி. நம் ஊரில் நெல்லைக் கையால் அடிப்பார்கள், அல்லது மாடு கட்டிப் போரடிப்பார்கள். உளுந்து, பயறு என்றால் தடியால் தட்டுவார்கள். இங்கிலாந்தில் கோதுமைக்கும் பார்லிக்கும் இந்த அடிகோல்தான். ஒரு நீளமான கைப்பிடி, அதன் நுனியில் ஒரு குட்டையான கட்டை. இரண்டையும் தோல்வாரால் இணைத்திருப்பார்கள். சில இடங்களில் விலாங்கு மீன் தோலால்கூடக் கட்டுவார்கள். கைப்பிடியை வீசினால் குட்டைக் கட்டை சுழன்று வந்து கதிரின் மேல் படார் என்று விழும்.

இது கடுமையான வேலை. ஆனால் கூலிக்காரர்களுக்கு இதுதான் குளிர்காலச் சோறு. அறுவடை முடிந்தபின் வயலில் வேலை இருக்காது. அப்போது களஞ்சியத்துக்குள் நின்று மாதக்கணக்கில் கதிரடிப்பதுதான் ஒரே வருமானம்.

1786ல் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ மீக்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தைச் செய்தார். இயந்திரம் பரவப் பரவ அந்தக் குளிர்கால வேலை போனது. 1815ல் நெப்போலியன் போர்கள் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். ஆள் அதிகம், வேலை குறைவு, கூலி சரிவு. நெருப்பு பற்ற இது போதாதா?

1830 ஆகஸ்ட்: மூன்று நாள் இடைவெளி

1830 ஆகஸ்ட் 28 இரவு. கென்ட் மாகாணத்தில் கேன்டர்பரிக்கு அருகே லோயர் ஹார்ட்ரஸ் என்ற ஊரில் கூலிக்காரர்கள் ஒரு கதிரடிக்கும் இயந்திரத்தை உடைத்தார்கள். அது தெற்கு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பண்ணையாருக்கு வந்த மிரட்டல் கடிதங்களில் "கேப்டன் ஸ்விங்" என்று கையெழுத்து இருந்தது. அப்படி ஓர் ஆள் கிடையாது! அடிகோலை வீசும் அந்த வீச்சில் இருந்துதான் "ஸ்விங்" என்ற பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு.

அரசாங்கம் சும்மா விடவில்லை. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். சுமார் 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 600க்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். எரிக் ஹாப்ஸ்பாமும் ஜார்ஜ் ரூடேயும் 1969ல் "கேப்டன் ஸ்விங்" என்றே ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் சொல்லும் முக்கியமான விஷயம், இந்தக் கலவரம் முழுத் தோல்வி இல்லை என்பது. பல இடங்களில் இயந்திரங்கள் திரும்பி வரப் பல வருடங்கள் ஆயின.

இப்போது ஆச்சரியத்தைக் கேளுங்கள். கலவரம் தொடங்கி சரியாக மூன்று நாள் கழித்து, 1830 ஆகஸ்ட் 31 அன்று, அதே இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங் என்பவருக்குப் புல் வெட்டும் இயந்திரத்துக்கான காப்புரிமை கிடைத்தது. உலகின் முதல் லான் மோவர் அதுதான். கம்பளித் துணியின் மேல் நிற்கும் நூல் பிசிறுகளை வெட்டும் மில் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது. சுற்றும் உருளையில் வளைந்த கத்திகள், கீழே அசையாத ஒரு கத்தி. இரண்டுக்கும் நடுவே புல் மாட்டிக் கத்தரிக்கோல் போல வெட்டுப்படும்.

பட்டிங்கின் இயந்திரம் பணக்காரர் வீட்டுப் புல்தரைக்கு அருமை. ஆனால் முள்ளும் புதரும் கல்லும் உள்ள நிலத்தில் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதற்குத் தேவை வேறொன்று. பட்டிங்கின் உருளையும் வேண்டும், கூலிக்காரரின் ஆடும் கட்டையும் வேண்டும். ஒன்றில் இருந்து ஒன்று நேராகப் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்றைய ஃபிளெய்ல் மோவரைத் திறந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.

நடுவில் ஒரு போர்

அடிகோல் தத்துவத்தை எஞ்சினோடு சேர்த்ததில் போருக்கு ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனம் முழுக்க ஜெர்மானியர்கள் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஆபிரகாம் டு டாயிட் என்ற ராணுவ அதிகாரியின் யோசனை இது: டாங்கியின் முன்னால் ஓர் உருளையைப் பொருத்து, அதில் சங்கிலிகளைத் தொங்கவிடு, சுழற்றித் தரையை அடி. வெடி டாங்கிக்கு முன்னாலேயே வெடித்துவிடும். 1942 அக்டோபரில் எல் அலமெய்ன் சண்டையில் "ஸ்கார்ப்பியன்" என்ற பெயரில் இது இறங்கியது. 1944ல் நார்மண்டியில் இறங்கிய "ஷெர்மன் கிராப்" டாங்கியில் 43 சங்கிலிகள் இருந்தன.

இந்த யோசனை இன்னும் சாகவில்லை. 2009ல் போர் முடிந்தபின் இலங்கையின் வடக்கில் கண்ணிவெடி அகற்றியபோதும் இதே போலத் தரையை அடிக்கும் இயந்திரங்கள் பயன்பட்டன.

டிராக்டரோடு கல்யாணம்

ஃபிளெய்ல் மோவர் டிராக்டரில் ஓட இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன. ஒன்று, எஞ்சின் சக்தியைப் பின்னால் கொண்டு வரும் பி.டி.ஓ. இரண்டு, கருவியைத் தூக்கிப் பிடிக்கும் மூன்று முனை இணைப்பு.

ஆரம்பகால இழுவைக் கருவிகள் தங்கள் சக்கரம் தரையில் உருள்வதில் இருந்தே சக்தி எடுத்தன. ஈர மண்ணில் சக்கரம் வழுக்கினால் வேலை நின்றுவிடும். 1906ல் பிரான்ஸில் ஆல்பர்ட் கூஜி என்பவர் டிராக்டர் எஞ்சினில் இருந்தே ஒரு ஷாஃப்ட் மூலம் அறுவடைக் கருவியை ஓட்டிக் காட்டினார். 1918ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி பி.டி.ஓ. உள்ள டிராக்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிறகு நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பொது அளவாக ஆனது. இன்றும் மினி டிராக்டர்களில் அதே 540தான்!

மூன்று முனை இணைப்பு ஹாரி பெர்குசனின் சாதனை. இவர் அயர்லாந்தில் முதன்முதலாக விமானம் ஓட்டியவர் (1909 டிசம்பர் 31). அந்தக் காலத்தில் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுப்பார்கள். கலப்பை பாறையில் சிக்கினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, அப்படியே பின்னால் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கும். பெர்குசனின் இணைப்பில் இழுவிசை முன்சக்கரத்தைக் கீழே அழுத்தியது. கூடவே ஹைட்ராலிக் தூக்கியும் வந்தது.

1938ல் பெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் கை குலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை! 1939ல் ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்தபின் உறவு முறிந்து, 1947ல் பெர்குசன் இல்லாமலே 8என் வந்தது. வழக்கு நடந்து, 1952ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பெர்குசனின் சொந்த டி.ஈ.20 டிராக்டர் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

1951ல் அமெரிக்காவின் அலபாமாவில் "புஷ் ஹாக்" என்ற ரோட்டரி கட்டர் வந்தது. ஃபேன் போலச் சுற்றும் பெரிய கத்தி. மலிவு, எளிது, புதரையும் தின்னும். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள கத்தி நிமிடத்துக்கு 950 தடவை சுற்றினால், நுனியின் வேகம் மணிக்கு சுமார் 270 கி.மீ. அதில் பட்ட கல் எங்கே போகும்? ஃபிளெய்லில் 38 செ.மீ. விட்டமுள்ள உருளை 2000 தடவை சுற்றினாலும் நுனி வேகம் சுமார் 143 கி.மீ.தான். கத்தியும் சின்னது, கல்லும் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே அடிபட்டு விழுந்துவிடும். சாலையோரத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும் ஃபிளெய்லை விரும்புவதற்கு இதுதான் காரணம்.

மினி டிராக்டர் புகழ் பெற்றது ஜப்பானியர்களால். சின்ன நெல் வயல்களுக்காகச் செய்த டிராக்டரை குபோட்டா கம்பெனி 1969ல் எல்200 என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டு போனது. 21 ஹெச்.பி. சிறு நில உரிமையாளர்கள் அள்ளிக் கொண்டார்கள்.

வரலாறு சொல்லும் வாங்கும் வழி

இன்று ஒருவர் மினி டிராக்டருக்கு ஃபிளெய்ல் மோவர் வாங்கப் போனால் பார்க்க வேண்டியவை இவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மேலே சொன்ன கதைதான் இருக்கிறது.

1. சக்தி: எஞ்சின் ஹெச்.பி.யைப் பார்க்காமல் பி.டி.ஓ. ஹெச்.பி.யைப் பாருங்கள். சாதாரணப் புல்லுக்கு ஓர் அடி அகலத்துக்கு சுமார் 5 ஹெச்.பி. என்று வைத்துக் கொள்ளலாம். புதர் என்றால் கூடுதல். பி.டி.ஓ.வில் 20 ஹெச்.பி. தரும் டிராக்டருக்கு 4 அடி மோவர் பொருத்தம்.

2. அகலம்: பின் டயர்களின் வெளி விளிம்பு வரை மூட வேண்டும். இல்லாவிட்டால் டயர் மிதித்த புல் வெட்டுப்படாது. வேலி, வாய்க்கால் ஓரம் வெட்ட வேண்டுமானால் பக்கவாட்டில் நகரும் மாடல் நல்லது.

3. எடை: ஃபிளெய்ல் மோவர் கனமானது. தூக்கும் திறனை இணைப்பு முனையில் மட்டும் பார்க்காமல், 60 செ.மீ. பின்னால் எவ்வளவு என்று பாருங்கள். முன்சக்கரம் லேசானால் ஸ்டீயரிங் கேட்காது. தேவைப்பட்டால் முன்னால் எடை மாட்டுங்கள்.

4. கத்தி: ஒய் வடிவக் கத்தி உயரமான புல்லுக்கு. சுத்தியல் வடிவக் கத்தி புதருக்கும் சிறு கிளைகளுக்கும். ஒன்று உடைந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் உள்ளதையும் சேர்த்து மாற்றுங்கள். சமநிலை போனால் அதிர்வு வந்து பேரிங் போய்விடும்.

5. ஃப்ரீ வீல்: 9என், 8என் டிராக்டர்களில் ஒரு பிரச்சினை இருந்தது. கிளட்சை மிதித்தாலும் சுற்றிக் கொண்டிருக்கும் மோவரின் வேகம் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து டிராக்டரை முன்னே தள்ளும். வேலிக்குள் போய் முட்டியவர்கள் ஏராளம்! பழைய டிராக்டர் என்றால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கப்ளிங் கட்டாயம்.

ஓட்டும்போது, முதலில் நிலத்தை நடந்து பார்த்துக் கம்பியையும் பெரிய கல்லையும் எடுத்துவிடுங்கள். புல்லுக்குள் நுழையும் முன்பே பி.டி.ஓ. முழு 540க்கு வந்திருக்க வேண்டும். உயரமான புல்லை முதல் சுற்றில் மேலாகவும் அடுத்த சுற்றில் தாழ்வாகவும் வெட்டுங்கள். மெதுவாக, நடை வேகத்தில் போனால் போதும். பின்னால் உள்ள ரோலர்தான் உயரத்தைத் தீர்மானிக்கிறது, ஆகவே அதை முதலிலேயே சரி செய்யுங்கள்.

மிக முக்கியமானது பாதுகாப்பு. 540 என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ துப்பட்டாவோ ஷாஃப்டில் மாட்டினால், கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடையாது. ஷாஃப்ட் உறை இல்லாமல் ஓட்டவே கூடாது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, உருளை முழுக்க நின்றபிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தை 1959ல் ஸ்வீடன் புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. சட்டம் இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும்.

வெட்டுவது மட்டும் போதுமா?

இங்கிலாந்தில் வயலைச் சுற்றி உயிர்வேலிகள் உண்டு. ஒரு காலத்தில் அவற்றை வெட்டுக்கத்தி கொண்டு ஆட்கள் பின்னி வளர்த்தார்கள். 1948ல் மெக்கானல் கம்பெனி டிராக்டர் கையால் வேலி வெட்டும் கருவியைக் கொண்டு வந்தது. பிறகு அதன் நுனியில் ஃபிளெய்ல் ஏறியது. பத்து ஆட்கள் குளிர்காலம் முழுக்கச் செய்த வேலையை ஒருவர் சில நாட்களில் முடித்தார். மறுபடியும் அதே கதைதான், குளிர்கால வேலை போனது!

இந்த முறை நஷ்டம் மனிதருக்கு மட்டும் இல்லை. வருடா வருடம் ஒரே உயரத்தில் அடித்து வெட்டினால் பூவும் பழமும் வராது, பறவைக்குத் தீனி இல்லை. ஆகவே 2024ல் வந்த விதிப்படி இங்கிலாந்தின் விவசாய நிலங்களில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, சில விலக்குகள் தவிர, உயிர்வேலி வெட்டத் தடை. கூடு கட்டும் காலம் அல்லவா?

1830ல் கூலிக்காரர் கேட்டது, இயந்திரம் வந்தால் எங்கள் குளிர்காலத்துக்கு யார் பொறுப்பு என்றுதான். அந்தக் கேள்விக்கு அன்று கிடைத்த பதில் தூக்குக் கயிறு. பறவைக்குக் கிடைத்தது ஒரு விதி. கவிழும் டிராக்டரில் இருந்தவருக்குக் கிடைத்தது ஓர் இரும்புச் சட்டம். எந்த இயந்திரத்தையும் வாங்கும்போது அதன் விலை, குதிரைத்திறன், அகலம் எல்லாம் கேட்கிறோம். இது யாருடைய வேலையை எடுக்கிறது, யாரை ஆபத்தில் வைக்கிறது என்றும் சேர்த்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?